விட்டவர் கையை மீறிய சிப்பிகள்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் கடல் கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளின் சுவர்ப்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்புதான் அடிப்படை. அதை அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத்தான் அந்தப் பளபளப்பைக் கொண்டுவந்தார்கள். செட்டிநாட்டுக்குக் கிழக்கு எல்லை வங்கக்கடல் என்பதுதான் பழைய வழக்கு. இன்றைக்கும் நம் சந்தைக்கு வரும் இறாலிலும் நண்டிலும் பெரும்பங்கு தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளில் இறங்குவதுதான். அதனால் எண்ணூர்க் கழிமுகத்தில் வெளிநாட்டு மட்டி ஒன்று அடிநிலத்தையே மூடிவிட்டது என்று செய்தி வந்தபோது, அது சென்னைப் பிரச்சினை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த மட்டிக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் சிப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டி யாரும் கேட்காமல் வந்தது. சிப்பியை மனிதர்கள் தெரிந்தே, திட்டம் போட்டு, அரசாங்க அனுமதியோடு ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் கொண்டுபோனார்கள். என்ன நினைத்துக் கொண்டுபோனார்கள், என்ன நடந்தது என்பதற்கு அறுபது எழுபது ஆண்டுப் பதிவு இருக்கிறது. நம் கடலுக்கு என்ன வரலாம் என்று யோசிக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது.

பசிபிக் சிப்பியின் சொந்த ஊர் ஜப்பான், கொரியா பக்கத்துக் கடல். அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் பரவும் விதம் புரியும். வளர்ந்த சிப்பி நகராது. ஒரு பக்க ஓட்டைக் கல்லிலோ தூணிலோ இன்னொரு சிப்பியின் மேலேயோ ஒட்டிக்கொண்டு ஆயுள் முழுவதும் அங்கேயே கிடக்கும். ஆனால் அதன் குஞ்சு அப்படியில்லை. ஒரு பெண் சிப்பி ஒரே பருவத்தில் கோடிக்கணக்கான முட்டைகளை நீரில் விடுகிறது. அதில் பிழைக்கும் குஞ்சுகள் இரண்டு முதல் நான்கு வாரம் வரை கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோட்டத்தோடு மிதக்கின்றன. அந்தச் சில வாரத்தில் எத்தனையோ கிலோமீட்டர் தாண்டிவிடும். பிறகு கெட்டியான இடம் ஒன்றைத் தேடி ஒட்டும். அதற்கு மிகவும் பிடித்த இடம் ஏற்கனவே சிப்பி இருக்கும் இடம். முதல் சில சிப்பிகள் ஒட்டியதும் அவற்றின் ஓடே அடுத்த தலைமுறைக்குத் தரையாகிவிடுகிறது. மென்சேறாக இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறையாகிறது. பண்ணைக்கு வேலி போடலாம், முட்டைக்கும் குஞ்சுக்கும் வேலி போட முடியாது.

சரி, எதற்காகக் கொண்டுபோனார்கள்? ஒவ்வொரு இடத்திலும் ஏறக்குறைய ஒரே காரணம்தான். உள்ளூர்ச் சிப்பி அளவுக்கு மீறி அள்ளப்பட்டோ, நோயிலோ குளிரிலோ செத்தோ குறைந்துபோனது. தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் தவித்தன. நெதர்லாந்தில் 1962-63 குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்து, கிழக்கு ஸ்கெல்ட் கழிமுகத்தில் இருந்த தட்டைச் சிப்பிகளில் பெரும்பகுதியை அழித்தது. 1964ல் பசிபிக் சிப்பியின் குஞ்சுகளை இறக்கினார்கள். பிரிட்டனில் 1965ல் கனடாவிலிருந்து தருவித்து, தனியே வைத்துச் சோதித்துப் பார்த்துத்தான் வளர்த்தார்கள். பிரான்சில் 1970களின் தொடக்கத்தில் அங்கிருந்த போர்ச்சுகீசியச் சிப்பி வைரஸ் நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, கனடாவிலிருந்து தாய்ச்சிப்பிகளும் ஜப்பானிலிருந்து குஞ்சுகளுமாகப் பெரிய அளவில் இறக்குமதி நடந்தது.

செத்துப்போன அந்தப் போர்ச்சுகீசியச் சிப்பியும் ஐரோப்பாவுக்குச் சொந்தமானதல்ல. அதன் மரபணுவைப் பார்த்தவர்கள் அது தைவான் பக்கத்திலிருந்து பழைய வணிகக் கப்பல்களோடு போர்ச்சுகலுக்கு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பிரான்சுக்கு வந்தது 1868ல். புயலுக்கு ஒதுங்கி ஜிரோந்து கழிமுகத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பல், சிப்பிகள் செத்து நாறத் தொடங்கிவிட்டன என்று நினைத்து அவற்றை நீரில் கொட்டியது. எல்லாம் சாகவில்லை. பிழைத்தவை பெருகி, அடுத்த நூறு ஆண்டு பிரான்சின் சிப்பித் தொழிலையே தாங்கி நின்றன. ஒரு கப்பல்காரர் கழிவென்று கொட்டியது ஒரு நாட்டின் தொழிலாகிவிடக்கூடும் என்றால், அந்த உயிரின் பிழைக்கும் திறனை யோசித்துப் பாருங்கள்.

பசிபிக் சிப்பியை நெதர்லாந்தை ஒட்டிய வடகடலில் விட்டவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். அவர்களிடம் ஒரு நியாயமான கணக்கு இருந்தது. இந்தச் சிப்பி முட்டையிட்டுக் குஞ்சு பிழைக்க நீர் சுமார் 20 பாகை வெப்பத்தில் சில வாரமாவது இருக்க வேண்டும். வடகடல் அவ்வளவு சூடாகாது. ஆகவே வளரும், விற்கலாம், ஆனால் தானாகப் பெருகாது என்று நம்பினார்கள். 1975, 1976 கோடைகள் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தன. நெதர்லாந்துக் கழிமுகத்தில் குஞ்சுகள் அலையலையாக ஒட்டின. அப்புறம் அது வாடன் கடலுக்குப் போனது. நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் மூன்றுக்கும் பொதுவான சேற்றுக்கடல் அது. ஜெர்மனியின் சில்ட் தீவில் 1986ல் பண்ணை தொடங்கினார்கள். 1991ல் பண்ணைக்கு வெளியே, அங்கே இயல்பாக வாழும் நீலமட்டிகளின் படுகையில் முதல் சிப்பியைக் கண்டார்கள். அதற்குப் பிறகு பத்தாண்டு பெரிய மாற்றம் தெரியவில்லை. 2001க்குப் பிறகு வந்த சில சூடான கோடைகளில் நிலைமை தலைகீழானது. மட்டிப் படுகைகள் ஒவ்வொன்றாகச் சிப்பிப் பாறைகளாயின.

இந்தப் பத்தாண்டு இடைவெளியைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வந்து இறங்கிய உயிர் உடனே தன் முழு வேகத்தைக் காட்டுவதில்லை. முதல் சில ஆண்டுகளில் ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றும். ஒன்றும் ஆகவில்லை என்பதையே சான்றாக வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கும் அனுமதி கொடுப்பார்கள். பிறகு தண்ணீரும் வெயிலும் ஒரு வருடம் ஒத்துவரும். அதற்கப்புறம் பேச ஒன்றுமில்லை.

பெருகியதால் என்ன நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓடு கனத்த சிப்பியை, மட்டியைத் தின்று வாழ்ந்த கரைப்பறவைகளால் எளிதில் உடைக்க முடியவில்லை. ஓட்டின் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருப்பதால் கரையில் நடக்கிறவர்களுக்குக் கால் கிழிகிறது, வலை அறுகிறது. ஆனால் மட்டி முற்றாக அழியும் என்று முதலில் பயந்ததுபோல் ஆகவில்லை. சிப்பிகளின் இடுக்கில், அடிப்பகுதியில், நண்டும் பறவையும் எட்டாத இடத்தில் மட்டிகள் இன்னும் வாழ்கின்றன. சிப்பிப் பாறை அலையைத் தடுக்கிறது, நீரை வடிகட்டுகிறது. எல்லாம் நாசம் என்றும் சொல்ல முடியாது, ஒரு பாதிப்பும் இல்லை என்றும் சொல்ல முடியாது. அங்கே முன்பிருந்த கடல் போய் வேறொரு கடல் வந்திருக்கிறது. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை.

அதோடு, சிப்பி தனியாக வந்ததும் இல்லை. ஜப்பானியக் கடற்பாசி ஒன்று சிப்பிகளோடு ஒட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்கு வந்து கரையெங்கும் படர்ந்தது. சிப்பிகளைக் கடல்விட்டுக் கடல் மாற்றியதில் ஒட்டுண்ணிகளும் கூடவே பயணம் செய்தன. ஐரோப்பாவின் மிச்சமிருந்த தட்டைச் சிப்பிகளை 1979க்குப் பிறகு கொன்ற ஒட்டுண்ணி கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த சிப்பிகளோடு வந்ததுதான். ஓட்டுக்கு வெளியே ஒட்டியிருப்பதைக் கழுவலாம். சதைக்குள் இருப்பதை என்ன செய்வது?

அள்ளித் தின்று தீர்த்துவிடலாமே என்று கேட்பார்கள். 2017ல் பெய்ஜிங்கிலுள்ள டென்மார்க் தூதரகம் சீன சமூக வலைத்தளத்தில், எங்கள் கரையில் சிப்பி பெருகிக் கிடக்கிறது என்று பதிவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்து, விசா கொடுங்கள், வந்து தின்கிறோம் என்று எழுதினார்கள். பேச்சுக்கு நன்றாக இருந்தது. ஆனால் பாறைபோல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கும் சிப்பியைக் கையால் பிரித்தெடுப்பது கடினம். ஒரு பருவத்தில் கோடி முட்டை விடும் உயிரைத் தட்டில் வைத்துத் தீர்க்க முடியாது.

எங்கள் சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதே அல்ல. சீமைக்கருவேலம் இங்கே செய்ததைத்தான் சிப்பி அங்கே செய்தது. 1877ல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பாவுக்கு அதன் விதை வந்தது. விறகுப் பஞ்சம் தீரட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் விதைத்தார்கள். விறகும் கிடைத்தது, கரிமூட்டம் போட்டு எத்தனையோ குடும்பம் பிழைத்தது. கண்மாயும் வரத்துக்காலும் போயின. 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெட்டச் சொன்னது, பிறகு அதற்குத் தடையும் வந்தது, 2022ல் அந்நியத் தாவரங்களுக்கென்று தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. மரம் இன்னும் நிற்கிறது. அதை வெட்டு என்றால் கரி வியாபாரிக்கு வயிறு எரிகிறது, வெட்டாதே என்றால் விவசாயிக்கு. சிப்பிக்கும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா மாநிலத்தில் 1940களின் கடைசியிலிருந்து பசிபிக் சிப்பியை வளர்த்து அதை முக்கியத் தொழிலாக்கிவிட்டார்கள். பக்கத்து நியூ சவுத் வேல்ஸில் 1980களில் யாரோ திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து விட்ட அதே சிப்பியைத் தொல்லை உயிர் என்று அரசு அறிவித்தது. அங்கே சிட்னிப் பாறைச்சிப்பி என்ற உள்ளூர் இனத்தை வளர்க்கிறவர்கள் இருந்தார்கள். ஒரே உயிர், ஒரே நாடு, ஒருவருக்குச் சோறு, இன்னொருவருக்கு இழப்பு. பிழைப்பு அதில் கலந்த பிறகு யாரும் நடுநிலையாக முடிவெடுக்க முடியாது. முடிவெடுக்க வேண்டிய நேரம், இறக்குவதற்கு முன்னால்தான்.

அப்படி முன்னாலேயே யோசித்து நிறுத்திய ஒரு இடமும் உண்டு. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் உள்ளூர்ச் சிப்பி பழைய அளவில் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அள்ளியதும் ஒரு காரணம், இரண்டு நோய்களும் ஒரு காரணம். 1990களிலிருந்தே ஒரு யோசனை எழுந்தது. சீன, ஜப்பானியக் கரைகளில் வாழும் சுமினோ சிப்பிக்கு அந்த நோய்கள் பெரிதாகப் படுவதில்லை, சீக்கிரம் வளர்கிறது, அதைக் கொண்டுவந்து விட்டால் என்ன? மீனவர்களும் பதப்படுத்தும் ஆலைக்காரர்களும் இதை வேண்டிக் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தொழில் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. ஆனால் அறிவியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். குஞ்சு பிறக்காத வகையில் மலடாக்கிய சிப்பிகளை மட்டும் பெட்டிகளில் வைத்துப் பார்த்தார்கள். விரிகுடாவைத் தாண்டிக் கரையோரமாக வேறு மாநிலங்களுக்குப் பரவினால் என்னாகும் என்று கேட்டார்கள். 2009ல் மேரிலாண்டும் வர்ஜீனியாவும் அமெரிக்க இராணுவப் பொறியாளர் பிரிவும் சேர்ந்து முடிவெடுத்தன: வெளிநாட்டுச் சிப்பி வேண்டாம், இருக்கிற சிப்பியையே மீட்போம். 2014ல், பத்துக் கிளையாறுகளில் உள்ளூர்ச் சிப்பிப் படுகைகளை 2025க்குள் மீட்டெடுப்பது என்று ஒப்பந்தமும் போட்டார்கள். பழைய ஓடுகளையும் கல்லையும் அடியில் கொட்டி, அதன்மேல் உள்ளூர்க் குஞ்சுகளை விட்டார்கள். இது மெதுவான வேலை, செலவும் அதிகம். ஆனால் பிடிக்கவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளக்கூடிய வேலை.

அந்த விரிகுடாவின் சிப்பிகளைக் கொன்ற இரண்டு நோய்களில் ஒன்றின் கிருமி ஆசியாவிலிருந்து பசிபிக் சிப்பியோடு வந்ததுதான் என்று மரபணுச் சோதனை காட்டியது. ஒரு வெளிநாட்டுச் சிப்பி தந்த நோய்க்கு இன்னொரு வெளிநாட்டுச் சிப்பியை மருந்தாகக் கொடுக்கப் பார்த்தார்கள்.

இனி நம் பக்கம். தமிழகக் கடற்கரையில் நமக்கென்று சொந்தச் சிப்பி இருக்கிறது. சென்னையின் பழைய பெயரையே அறிவியல் பெயரில் தாங்கி வந்த உண்ணும் சிப்பி அது. கழிமுகங்களிலும் பாலத் தூண்களிலும் கொத்தாக ஒட்டிக் கிடக்கும். 1970களில் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதை வளர்க்கும் முறையை உருவாக்கியது. பசிபிக் சிப்பிக்கு மிதமான குளிர்கடல்தான் ஏற்றது, பாக் நீரிணையின் சூடு அதற்கு ஒத்துவராது என்று தைரியம் சொல்லிக்கொள்ளலாம். 1964ல் நெதர்லாந்துக்காரர்களும் தங்கள் கடலின் வெப்பத்தை வைத்து இப்படித்தான் தைரியம் சொல்லிக்கொண்டார்கள். நமக்கு உண்மையான ஆபத்து குளிர்கடலிலிருந்து வருவதல்ல, நம்மைப்போலவே வெப்பக்கடலில் பிறந்து வருவது.

அது வந்தும்விட்டது. கரீபியக் கடல் பக்கத்து மட்டி ஒன்று 1960களிலேயே விசாகப்பட்டினம் துறைமுகத்தில் தென்பட்டது. தொடக்கத்தில் சொன்ன மட்டி, எண்ணூர் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்வது, அதைவிடப் புதியது. இதுவும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக்கரைகளைச் சேர்ந்தது. 2014ல் மணிலா, 2016ல் சிங்கப்பூர், பிறகு தாய்லாந்து என்று ஆசியாவில் வரிசையாகத் தெரிந்தது. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் கொச்சியிலும் அது இருப்பது 2019ல் அறிவிக்கப்பட்டது. அடுத்து பழவேற்காடு, எண்ணூர். உப்பு குறைந்த ஆற்றுநீரும் பொறுக்கும், கடல்நீரும் பொறுக்கும். சில மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். நூல்போன்ற நார்களால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சேற்றின்மேல் பாய் விரித்ததுபோல் படிந்துவிடும். இறால் பகலில் புதைந்துகொள்வதே அந்தச் சேற்றில்தான். மேலே மட்டி மூடிவிட்டால் இறாலுக்கு இடமில்லை, கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களுக்கும் வேலையில்லை. எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றில் நடந்தது இதுதான். முதலில் இதைக் கவனித்துச் சொன்னவர்கள் அங்குள்ள மீனவர்கள். விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போன பிறகுதான் அரசு அசைந்தது.

இப்படி வருவதற்குப் பெரிய வழி கப்பல். சரக்கில்லாமல் வரும் கப்பல் சாயாமலிருக்கத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். ஒரு துறைமுகத்தில் ஏற்றிய நீரை இன்னொரு துறைமுகத்தில் இறக்கும். மிதக்கும் குஞ்சுகள் அதோடு இறங்கும். இதைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2004ல் எழுதப்பட்டு, நடைமுறைக்கு வந்தது 2017ல். கப்பலின் அடிப்பலகையில் ஒட்டி வருவதற்கு அந்த அளவு கட்டாயமான உலக விதி இன்னும் இல்லை.

பாக் நீரிணையில் பெரிய கப்பல் வராது. இராமர் பாலத்து ஆழம் போதாது. அது நமக்கு ஒரு காப்பு. ஆனால் தெற்கே தூத்துக்குடியிலும் வடக்கே காரைக்காலிலும் துறைமுகம் இருக்கிறது. அங்கே இறங்கியது விசைப்படகின் அடியிலோ, ஈரமான வலையிலோ, கயிற்றிலோ இங்கே வர முடியும். குஞ்சும் விதையும் வாங்கி வளர்க்கும் தொழில்களோடும் வர முடியும். நம் கரையில் அப்படியான அனுபவம் ஏற்கனவே உண்டு. பிலிப்பைன்ஸ் கடற்பாசியான கப்பாபைகஸ் மண்டபம் பக்கத்தில் வளர்க்கப்பட்டு, பல பெண்களுக்கு நிலையான வருமானம் தந்தது. அதே பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளங்களின்மேல் படர்ந்திருப்பதை 2008ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எந்தெந்தப் பகுதியில் வளர்க்கலாம் என்று 2005லேயே அரசாணை இருந்தும் இது நடந்தது. இப்போது தொண்டிக்குப் பக்கத்தில் வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா ஒன்றுக்கு 2023ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். நான் அதற்கு எதிரி இல்லை, கரையோரப் பெண்களுக்கு வேலை வேண்டும். ஆனால் தெப்பம், கயிறு, விதைப்பாசி எல்லாம் வெளியூரிலிருந்து வரும்போது அவற்றில் ஒட்டியிருப்பதைப் பார்க்க ஆள் வேண்டும் என்று கேட்பது தொழிலுக்கு எதிரான பேச்சு ஆகாது.

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. வனாமி என்ற வெளிநாட்டுப் பண்ணை இறாலை 2009ல் அனுமதித்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால் எல்லாம் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதனை முடிந்த பிறகுதான் குஞ்சுப்பொரிப்பகத்துக்குப் போக வேண்டும் என்று வைத்தார்கள். ஏற்றுமதிப் பணம் அதில் இருந்ததால் அந்தக் கதவு கட்டப்பட்டது. நாட்டுப்படகுக்காரர் நம்பியிருக்கும் சேற்றுக்கும் தாழைக்கும் அப்படி ஒரு கதவு இல்லை.

தாழையை ஏன் சொல்கிறேன் என்றால், பாக் நீரிணையின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆழமில்லாத கடலடியில் பரந்து கிடக்கும் கடல்புல் அது. நண்டும் இறாலும் மீன்குஞ்சும் அதில்தான் வளர்கின்றன. ஆவுளியா என்னும் கடல்பசு மேய்வதும் அதைத்தான். 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது இந்தப் புல்லை நம்பித்தான். சேறும் புல்லுமான இந்த அடிநிலத்தை ஒரு மட்டி பாய்போல் மூடினால், ஆவுளியாவில் தொடங்கி காரைக்குடிச் சந்தையில் நண்டு விற்பவர் வரை எல்லோருக்கும் அடி விழும்.

வந்த பிறகு முழுதாக அகற்றியவர்கள் மிகக் குறைவு. சின்ன இடத்தில், முதல் சில மாதத்திலேயே கண்டுபிடித்தால் மட்டும் கையால் அள்ளிக் கட்டுப்படுத்தலாம். அதனால் முதலில் பார்க்கும் கண்தான் முக்கியம், அந்தக் கண் மீனவருடையதுதான். ஜெட்டித் தூணில், படகின் அடியில், நண்டு வலையில், ஆற்றுமுகத்துச் சேற்றில், முன்பு பார்த்திராத கருப்பு அல்லது பழுப்பு நிறச் சிறு மட்டி நாரால் பின்னிக் கொத்தாக வந்தால், அதைத் திரும்பக் கடலில் வீசக்கூடாது. கொஞ்சத்தை உப்புநீரில் போட்டு வைத்துக்கொண்டு, இடத்தையும் தேதியையும் குறித்து மீன்வளத்துறை அலுவலகத்துக்கோ, மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்துக்கோ காட்ட வேண்டும். வேறு துறைமுகத்திலிருந்து வாங்கி வரும் பழைய படகை இங்கே இறக்கும் முன் கரையேற்றி, அடியைச் சுரண்டிக் காயவிட வேண்டும். சுரண்டியதைக் கடலில் தள்ளாமல் கரைக்கு மேலே புதைக்க வேண்டும். சிப்பி வளர்க்க நினைக்கும் குழுக்கள் உள்ளூர் இனத்தின் குஞ்சையே கேட்டு வாங்க வேண்டும். வேறு இனம் நல்ல விலை போகும் என்று யாராவது சொன்னால், அது இங்கே முட்டையிடுமா, முட்டையிட்டால் யார் பொறுப்பு என்று எழுத்தில் பதில் கேட்க வேண்டும்.